உணவு வழிகாட்டியில் "குறையுங்கள்" என்ற சொல் எங்கே போனது?

செங்காந்தள்:

அரசுகள் வெளியிடும் உணவு வழிகாட்டிகளைப் பழையதிலிருந்து புதியது வரை அடுக்கி வைத்துப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். "சாப்பிடுங்கள்" என்று சொல்லும் இடத்தில் உணவின் பெயர் இருக்கும்: காய்கறி, பழம், முழுதானியம், பால், மீன். "குறையுங்கள்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் பெரும்பாலும் உணவின் பெயர் மறைந்து, அதற்குள் இருக்கும் சத்தின் பெயர் வந்துவிடும்: நிறைவுற்ற கொழுப்பு (இறைச்சி, வெண்ணெய் போன்றவற்றில் மிகுதியாக இருப்பது), சோடியம் (உப்பில் இருப்பது), சேர்க்கப்பட்ட சர்க்கரை. தட்டிலிருந்து எதை எடுத்துவிட வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இது தற்செயலாக அமைந்த நடை என்று எனக்குத் தோன்றவில்லை. 1977-இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க செனட்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு அந்த ஆண்டு ஜனவரியில் நாட்டுக்கான உணவு இலக்குகளை வெளியிட்டது. அதில் இறைச்சி உண்பதைக் குறைக்க வேண்டும் என்று நேரடியாகவே எழுதியிருந்தார்கள். கால்நடை வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். மறு விசாரணைகள் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. இப்போது அந்த வரி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்க உதவும் இறைச்சி, கோழி, மீன் வகைகளைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் மாறியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் "குறையுங்கள்" என்பது "தேர்ந்தெடுங்கள்" ஆகிவிட்டது.

உணவு ஆலோசனையில் தொழில்துறையின் கை என்றால் பலரும் லஞ்சம், பொய் ஆய்வு என்றுதான் யோசிக்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த வரித் திருத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

நிறைகோல்:

நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை ஆரம்பத்திலேயே வைக்கிறேன்.

இரண்டாம் பதிப்பின் வரி முதல் வரியைவிடத் துல்லியமானது என்றும் வாதிடலாம். கொழுப்பு நீக்கிய கோழியும் பதப்படுத்திய பன்றி இறைச்சியும் ஒன்றல்ல. இரண்டையும் "இறைச்சி" என்று சேர்த்துக் குறைக்கச் சொன்னால் அது அறிவியல் ஆகுமா? விஞ்ஞானிகள் அளப்பது சத்துகளை. அதனால் சத்துகளின் பெயரில் எழுதுகிறார்கள். எல்லாத் திருத்தத்துக்கும் பின்னால் ஒரு சங்கத்தின் கை இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுப் படித்தால், அப்படித்தான் தெரியும்.

நீலவானம்:

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நிறைகோல் சொல்வது தாளில் சரி, ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எடுபடாது. "நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்" என்று நான் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். வீட்டுக்குப் போய் எதையும் மாற்ற மாட்டார்கள். எதை வாரத்தில் எத்தனை தடவை என்று சொன்னால்தான் அவர்களுக்கு அது ஆலோசனை. துல்லியம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஆய்வாளருக்குத் துல்லியமாக இருக்கும் வரி, சாப்பிடுபவருக்கு மூடுமந்திரமாக இருக்கலாம்.

இன்னொன்று. இறைச்சியின் வகைகளைப் பிரித்துச் சொல்வதுதான் நோக்கம் என்றால் "பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள்" என்று எழுதியிருக்கலாமே? அதுவும் துல்லியம்தான்.

செங்காந்தள்:

நீலவானம் கேட்டதுதான் என் கேள்வியும்.

ஊட்டச்சத்துத் துறைப் பேராசிரியர் மரியன் நெஸ்லே (அந்தப் பெயருள்ள நிறுவனத்துக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை) 1986-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் ஊட்டச்சத்து அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பில் சேர்ந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆய்வுகள் என்ன சொன்னாலும் அறிக்கையில் "இறைச்சியைக் குறைவாக உண்ணுங்கள்" என்று வரக்கூடாது என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். அறிக்கை 1988-இல்தான் வந்தது. சான்றுகளைத் தொகுத்து முடிக்கும் முன்பே ஒரு வரிக்குத் தடை. இதைத் துல்லியம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம், வழிகாட்டியை வெளியிடும் துறையின் அமைப்பையே பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை 1862-இல் தொடங்கப்பட்டது. விவசாயிகளின் விளைபொருளுக்குச் சந்தை தேடித் தருவதும் அதன் வேலை, மக்களுக்கு எதைச் சாப்பிடலாம் என்று சொல்வதும் அதன் வேலை. 1980-இலிருந்து வரும் உணவு வழிகாட்டியை அது சுகாதாரத் துறையோடு சேர்ந்து வெளியிடுகிறது. "இதை அதிகம் சாப்பிடுங்கள்" என்று சொல்லும்போது இரண்டு வேலைக்கும் சண்டை இல்லை. "இதைக் குறையுங்கள்" என்று சொல்லும்போதுதான் ஒரே அலுவலகத்துக்குள் மோதல் வருகிறது.

முகில்:

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சட்டப்படி மாட்டிறைச்சி விளம்பரத்துக்கென்று ஒரு கட்டாய வசூல் உண்டு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விற்கப்படும் ஒவ்வொரு மாட்டுக்கும் 1 டாலர். பாலுக்கும் பன்றி இறைச்சிக்கும் முட்டைக்கும் இதே மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன. "எங்கள் பணத்தில் எங்களுக்குப் பிடிக்காத விளம்பரம் செய்கிறார்கள், இது பேச்சுரிமைக்கு எதிரானது" என்று சில கால்நடை வளர்ப்போரே வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் தீர்ப்பு வந்தது: இந்த விளம்பரம் அரசின் பேச்சு, ஆகவே பேச்சுரிமைப் பிரச்சினை எழாது.

அதாவது மாட்டிறைச்சி வாங்கச் சொல்லும் விளம்பரமும் அரசின் குரல், அளவோடு உண்ணச் சொல்லும் வழிகாட்டியும் அரசின் குரல். முதலாவதற்கு ஒவ்வொரு மாட்டு விற்பனையிலிருந்தும் பணம் வந்துகொண்டே இருக்கிறது.

பொன்னொளி:

எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் அமெரிக்க அரசின் முக்கோணப் படமான உணவுப் பிரமிடுக்கும் இந்த மாதிரி ஏதோ நடந்தது என்று படித்த நினைவு. யாராவது விவரம் சொல்ல முடியுமா?

முகில்:

1991. பிரமிடு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. இறைச்சி, பால் உற்பத்தியாளர் சங்கங்களுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. தங்கள் பொருள்கள் மேலே, கொழுப்புக்கும் இனிப்புக்கும் பக்கத்தில் குறுகிய பட்டையாக இருப்பது கெட்ட பெயர் தரும் என்றார்கள். வேளாண் துறைச் செயலர் எட்வர்ட் மேடிகன் படத்தைத் திரும்பப் பெற்றார். குழந்தைகளிடமும் வருமானம் குறைந்தவர்களிடமும் அது சரியாகப் போய்ச் சேருமா என்று இன்னும் சோதிக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு வருடம், சுமார் 8,55,000 டாலர் ஆய்வுச் செலவு. 1992-இல் வெளிவந்ததும் பிரமிடுதான், சில மாற்றங்களோடு.

நிறைகோல்:

அப்படியானால் உங்கள் எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராக நிற்கிறது அல்லவா? கடைசியில் பிரமிடு வந்துவிட்டதே. சங்கங்கள் கத்தின, துறை சோதித்தது, படம் பெரிய மாற்றமில்லாமல் வெளியானது.

செங்காந்தள்:

படம் வந்தது என்பது உண்மை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அது வெளியில் தெரிந்து, பத்திரிகைகள் எழுதி, பெரிய சத்தமானதால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு புகாரை வைத்து நாடு முழுவதற்குமான ஒரு படத்தை ஒரு வருடம் நிறுத்திவைக்க முடியும் என்பதே போதுமான செய்தி. அடுத்த முறை வரைவு எழுதுபவர் அந்த ஒரு வருடத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதுவார். யாரும் தொலைபேசியில் கூப்பிட வேண்டிய தேவையே இருக்காது.

கார்முகில்வண்ணன்:

எல்லாரும் இறைச்சியையே பேசுகிறீர்கள். சர்க்கரைதான் பெரிய கதை. சர்க்கரை நிறுவனங்கள் ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, பழியைக் கொழுப்பின் மேல் போட வைத்தன. கொழுப்பு கெட்டது என்ற முழுக் கோட்பாடும் விலைக்கு வாங்கப்பட்டது. அதை நம்பித்தான் உலகமே கொழுப்பில்லாத இனிப்புப் பண்டங்களுக்கு மாறியது.

நிறைகோல்:

இங்கேதான் நான் கவலைப்படுகிறேன். பாதி உண்மை, பாதி மிகை. பிரித்துச் சொல்கிறேன்.

உண்மை: 1954-இலேயே, சர்க்கரைத் தொழில்துறையின் அமைப்பான சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி ஹாஸ் ஓர் உரையில், அமெரிக்கர்கள் கொழுப்பைக் குறைத்தால் சர்க்கரை நுகர்வு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1965-இல் அந்த அறக்கட்டளை ஹார்வர்டின் ஊட்டச்சத்துத் துறையினரிடம் ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது) எழுதக் கேட்டு 6,500 டாலர் கொடுத்தது. 2016 மதிப்பில் அது ஏறத்தாழ 49,000 டாலர். கட்டுரை 1967-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரையைக் குற்றம் சொன்ன ஆய்வுகளைக் கறாராகவும், கொழுப்பைக் குற்றம் சொன்னவற்றைத் தளர்வாகவும் எடைபோட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் கிறிஸ்டின் கேர்ன்ஸ் குழு பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து 2016-இல் இதை வெளிக்கொண்டு வந்தது.

மிகை: "முழுக் கோட்பாடும் வாங்கப்பட்டது" என்பது. 2018-இல் இரண்டு வரலாற்றாய்வாளர்கள் சயன்ஸ் இதழில் இதற்கு மறுப்பு எழுதினார்கள். அந்தக் காலத்தில் தொழில்துறைப் பணம் வாங்குவது எல்லாத் தரப்பிலும் வழக்கம். அந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள் கொழுப்பைப் பற்றிய கருத்தை ஏற்கெனவே வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். இன்னொன்றையும் கவனியுங்கள். செங்காந்தள் முதல் பதிவில் சொன்ன அதே 1977 அறிக்கை, சர்க்கரையைச் சுமார் 40 விழுக்காடு குறைக்கச் சொன்னது. கட்டுரை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஹெக்ஸ்டெட் அந்த அறிக்கைக்குத் துணை நின்றவர். சர்க்கரைத் தொழிலின் கைப்பாவை ஏன் அந்த அறிக்கையை ஆதரிக்க வேண்டும்?

செங்காந்தள்:

நிறைகோல், இந்தப் பிரிப்புக்கு மனமார்ந்த நன்றி. "மிகை" என்று நீங்கள் எழுதிய பத்தியை நான் முழுவதும் ஏற்கிறேன்.

ஆனால் பணம் முடிவுகளை மட்டும் வாங்குவதில்லை. எந்தக் கேள்வி கேட்கப்படும், எந்தப் பதில் வெளியே வரும் என்பதையும் தீர்மானிக்கிறது. அதே அறக்கட்டளை 1968-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. அதன் பெயர் புராஜெக்ட் 259. சர்க்கரை கொடுத்த எலிகளில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு நொதி கூடுதலாக இருப்பது தெரியத் தொடங்கியது. 1970-இல் பணம் நின்றது. முடிவு வெளியிடப்படவே இல்லை. அதே கேர்ன்ஸ் குழு 2017-இல் கடிதங்களை வெளியிட்ட பிறகுதான் இப்படி ஓர் ஆய்வு இருந்ததே தெரிந்தது. எலி ஆய்வு ஒன்று எதையும் நிரூபித்துவிடாது, சரி. ஆனால் வழிகாட்டி எழுதும் குழு தன் மேசையில் இருப்பதை வைத்துத்தானே எடைபோட முடியும்? மேசைக்கே வராததை எப்படி எடைபோடும்?

நீலவானம்:

இதற்கு எண்களும் இருக்கின்றன. இனிப்புப் பானங்களும் உடல் பருமனும் பற்றிய மதிப்பாய்வுகளை 2013-இல் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. தொழில்துறையோடு பணத்தொடர்பு இல்லாதவை 12. அவற்றில் 10 எடை கூடுவதோடு தொடர்பு உண்டு என்றன. பணத்தொடர்பு உள்ளவை 6. அவற்றில் 5, போதிய ஆதாரம் இல்லை என்றன. இரண்டு பக்கமும் ஒரே விழுக்காடு, 83.3, நேர் எதிர்த் திசையில். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் ஆராய்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் தொழிலில் பயிற்சிக் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் பணம் கொடுப்பது சாதாரணம். அப்படி ஒரு கூட்டத்தில் நாள் முழுக்க உடற்பயிற்சியைப் பற்றியே பேசினார்கள். பேசியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பானத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான்.

முகில்:

நீலவானம் சொன்ன அந்த உத்திக்குப் பெரிய அளவிலும் ஆதாரம் இருக்கிறது. எடை கூடுவதற்கு உடலுழைப்புக் குறைந்ததுதான் முக்கியக் காரணம் என்று பேச விஞ்ஞானிகளின் அமைப்பு ஒன்றுக்குக் கோகோ கோலா பணம் கொடுத்தது 2015-இல் செய்தியானது. கொலராடோ பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பு கலைந்தது. சீனாவில் இதைவிட ஆழம். உணவு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கிய ஐ.எல்.எஸ்.ஐ. என்ற அமைப்பின் சீனக் கிளை, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது. அங்கே பருமன் பற்றிய கொள்கை உணவிலிருந்து உடற்பயிற்சி பக்கம் எப்படி நகர்ந்தது என்று மானிடவியலாளர் சூசன் கிரீன்ஹால் 2019-இல் விரிவாக எழுதினார்.

பொன்னொளி:

உலக சுகாதார நிறுவனம் மாதிரி எந்த நாட்டையும் சேராத அமைப்புகளை நம்பலாம் இல்லையா? அவர்களுக்கு விற்பதற்கு எதுவும் இல்லையே.

செங்காந்தள்:

விற்பதற்கு இல்லை, ஆனால் அவர்களுக்கும் நிதி ஒரு இடத்திலிருந்து வர வேண்டும். 2003-இல் அந்த நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து ஒரு நிபுணர் அறிக்கை வெளியிட்டன. உணவோடு சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது அது. அமெரிக்கச் சர்க்கரைச் சங்கம் அப்போதைய தலைமை இயக்குநர் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்துக்குக் கடிதம் எழுதியது. அறிக்கையைத் திரும்பப் பெறாவிட்டால், அமெரிக்கா தரும் 40 கோடி டாலருக்கும் மேலான நிதியைக் கேள்விக்குள்ளாக்கும்படி நாடாளுமன்றத்தைக் கேட்போம் என்று அதில் மிரட்டல் இருந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு உறுப்பு நாடுகள் ஏற்ற உலகளாவிய உணவு உத்தியில் "சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள்" என்று மட்டும் இருந்தது. 10 என்ற எண் இல்லை. அந்த எண் நிறுவனத்தின் முழு வழிகாட்டுதலாக வர 2015 ஆனது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கார்முகில்வண்ணன்:

சரி, எங்காவது ஒழுங்காக நடந்திருக்கிறதா? இல்லையென்றால் இதையெல்லாம் பேசி என்ன பயன்?

நீலவானம்:

நடந்திருக்கிறது. கனடாவின் 2019 வழிகாட்டியைப் பாருங்கள். அதைத் தயாரித்தபோது தொழில்துறை எழுதிக் கொடுத்த, பணம் கொடுத்து எழுத வைத்த அறிக்கைகளை ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். வரைவு எழுதிய அலுவலர்கள் நிறுவனப் பிரதிநிதிகளைத் தனியாகச் சந்திக்கவில்லை. கருத்துச் சொல்ல விரும்பியவர்கள் எல்லாரையும் போலப் பொதுக் கருத்துக்கேட்பில் சொல்லலாம். விளைவு? பாலுக்கென்று இருந்த தனிப் பிரிவு போனது. பழச்சாறு பழக் கணக்கிலிருந்து நீங்கியது. தாகத்துக்குத் தண்ணீர் என்று எழுதினார்கள். உணவு விளம்பரங்கள் உங்கள் தேர்வை மாற்றக்கூடும், கவனமாக இருங்கள் என்றும் வழிகாட்டியிலேயே சேர்த்தார்கள்.

அதற்கு முன்பே 2014-இல் பிரேசில் இன்னும் தைரியமாகச் செய்தது. சாவோ பாவுலோவைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவின் சிந்தனையில் உருவான வழிகாட்டி அது. சத்துகளின் பெயரில் பேசுவதை விட்டுவிட்டு, மிகையாகப் பதப்படுத்திய உணவுகளை (ஆலையில் பல சேர்க்கைப் பொருள்களோடு செய்யப்படுபவை) தவிருங்கள் என்று நேராகச் சொன்னது. நோயாளியிடம் நான் அப்படியே வாசித்துக் காட்டக்கூடிய நடை. செங்காந்தள் தேடும் அந்தச் சொல் அங்கே இருக்கிறது.

நிறைகோல்:

பிரேசில் வழிகாட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் "மிகையாகப் பதப்படுத்திய" என்ற வகைக்குள் இனிப்புப் பானமும் வரும், கடையில் வாங்கும் பல முழுதானிய ரொட்டிகளும் வரும். இரண்டையும் ஒரே கூடையில் போடுவது அறிவியலா என்று நேர்மையான ஆய்வாளர்களே கேட்கிறார்கள். எளிய மொழிக்கும் ஒரு விலை உண்டு.

குழுவில் யார் இருக்கலாம் என்பதும் அத்தனை எளிதல்ல. வழிகாட்டி எழுதப்படும் முன் சான்றுகளை அலசிப் பரிந்துரை தரும் விஞ்ஞானிகளின் குழு ஒன்று அமெரிக்காவில் உண்டு; 2020 ஆலோசனைக் குழுவில் 20 பேர். அவர்களில் 19 பேருக்கு உணவு அல்லது மருந்து நிறுவனங்களோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாரையும் விலக்கினால் யார் மிஞ்சுவார்கள்? ஒருமுறை உரையாற்றப் பயணப்படி வாங்கியவரும், ஆண்டுக்கணக்கில் ஆய்வு நிதி வாங்கியவரும் ஒன்றா?

முகில்:

ஒன்றல்ல. ஆனால் அந்தத் தொடர்புகளை வெளி ஆய்வாளர்கள் இணையத்தில் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது என்பதுதான் சிக்கல். உறுப்பினர் வாரியாக, நிறுவனம் வாரியாக, தொகையோடு அரசே வெளியிட்டிருந்தால் நீங்கள் கேட்கும் பாகுபாட்டை வாசகரே செய்துகொள்வார். 2000-ஆம் ஆண்டில் இதே விஷயத்துக்கு மருத்துவர்களின் ஓர் அமைப்பு வழக்குப் போட்டுத்தான் விவரம் வாங்க வேண்டியிருந்தது. குழுவின் 11 பேரில் 6 பேருக்கு இறைச்சி, பால், முட்டைத் தொழில்களோடு தொடர்பு என்பது அவர்கள் புகார். தகவலை மறைத்தது சட்டமீறல் என்றே நீதிமன்றம் சொன்னது.

செங்காந்தள்:

நிறைகோல் சொன்ன 2020 குழுவை வைத்தே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அது என் எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றியது. 20-இல் 19 பேருக்குத் தொடர்பு இருந்தும், அந்தக் குழு சேர்க்கப்பட்ட சர்க்கரையின் உச்சவரம்பை 10-இலிருந்து 6 விழுக்காடாக இறக்கச் சொன்னது. ஆண்களுக்கான மது அளவையும் ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து ஒன்றாக்கச் சொன்னது. இரண்டையும் இறுதி வழிகாட்டி ஏற்கவில்லை. போதிய சான்று இல்லை என்று துறைகள் சொல்லிவிட்டன.

2015-இலும் இதே கதை. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் குறைவாக உள்ள உணவுமுறை உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று குழுவின் அறிக்கை பேசியது. இறுதி வழிகாட்டி வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, சுற்றுச்சூழல் பகுதி இடம்பெறாது என்று இரண்டு துறைச் செயலர்களும் அறிவித்துவிட்டார்கள்.

ஆகவே விஞ்ஞானிகளின் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். குழு அறிக்கையைக் கொடுத்த நாளுக்கும் வழிகாட்டி அச்சாகும் நாளுக்கும் நடுவில் இருக்கும் மாதங்களில்தான் "குறையுங்கள்" காணாமல் போகிறது. இரண்டும் பொது ஆவணங்கள், யார் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

நாமே இதைச் செய்து பார்த்தால் என்ன? 2015, 2020 இரண்டுக்கும் குழு சொன்னது ஒரு பத்தி, அச்சானது ஒரு பத்தி என்று இங்கேயே தமிழில் தொகுக்கலாம். இறைச்சி, பால் பகுதிகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீலவானம்:

நானும் வருகிறேன். பானங்கள், மது இரண்டும் எனக்கு. என்னிடம் வருபவர்களுக்கும் காட்டலாம்.

நிறைகோல்:

சர்க்கரைப் பகுதியை நான் செய்கிறேன். ஆனால் மூன்றாவதாக ஒரு பத்தியும் வேண்டும்: மாற்றத்துக்குத் துறை சொன்ன காரணம், அதன் சொந்தச் சொற்களிலேயே. 6 விழுக்காட்டுக்கான சான்று உண்மையிலேயே பலவீனமாக இருந்திருக்கலாம். அந்தப் பத்தி இல்லாமல் தொகுத்தால், ஒவ்வொரு திருத்தமும் தொழில்துறைச் சங்கங்களின் வேலையாகவே தெரியும்.

செங்காந்தள்:

சரி, மூன்று பத்திகள். காரணமே சொல்லாமல் நீக்கிய இடங்களில் அந்தப் பத்தியைக் காலியாகவே விடுவோம்.